பழைய வண்டிக்குப் புதிய டயர்

இலக்கியம் பேசும் இடத்தில் டயரைப் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். சென்ற ஐப்பசியில் ஒரு டயரைக் குறித்து நாம் சொன்ன தவறான கருத்தினால் நம் வீட்டுப் பிள்ளையின் காறையெலும்பு முறிந்தது. அந்தக் கடனில் சிறிதேனும் தீர்க்கவே இக்கட்டுரை.

நம் தமையனார் கிண்டித் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை பார்த்தவர். 1970களில் செய்யப்பட்ட 350 சிசி புல்லட் ஒன்றை வாங்கி, மட்கார்டை உயர்த்தி, புகைக்குழாயை மேலே தூக்கிக் கட்டி, இருக்கையைச் சிறிதாக்கி, தம் கையாலேயே அதை 'டிரையல்ஸ்' வண்டியாக மாற்றினார். டிரையல்ஸ் என்பது வேகப் போட்டியன்று. பாறை, ஓடை, சேறு, மரவேர் என்று குறித்துவைத்த பகுதிகளைக் காலூன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1 புள்ளி தண்டம், இருமுறைக்கு 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3, கடக்க இயலாமல் போனால் 5. குறைந்த புள்ளி பெற்றவரே வென்றவர்.

இத்துறையில் புல்லட்டின் பெயர் சிறியதன்று. 1952இலும் 1957இலும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல் போட்டியில் ஜானி பிரிட்டன் வென்றது ராயல் என்ஃபீல்டு புல்லட்டில்தான். 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்ததன் பயனாக, அந்த வண்டி நம் திருவொற்றியூரிலேயே உருவாகத் தொடங்கியது. 1946இல் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தோன்றிப் பின்னர் டயர் தொழிலில் இறங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் பிறப்பிடமும் அதே திருவொற்றியூர்தான். வண்டியும் டயரும் ஓரூரில் பிறந்தும், தமையனார் தேடிய பின்சக்கர டயர் கடல் கடந்தே வந்தது. கப்பலில் பணிபுரிந்த நண்பர் ஒருவர் 1990களின் நடுவில் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். 4.00-19 அளவு, டிரையல்ஸுக்கென்றே செய்தது. நல்ல இடம் வாய்க்கும்போது மாட்டலாம் என்று பரணில் ஏற்றி வைத்தார். இடம் வாய்க்கவில்லை. 2021இல் அவரும் போய்விட்டார்.

வண்டி அவர் மகனிடம் வந்தது. "சித்தப்பா, அப்பா வச்சிட்டுப் போன டயரையே போட்டுடலாமா?" என்று கேட்டான். பழமை என்றால் நமக்கு உடனே கண் கலங்கும். தமிழ் படித்தவர்களின் நோய் அது. "போடப்பா, ஆசைப்பட்டு வச்சது" என்றோம். டயரும் பார்க்கப் புத்தம் புதிதாகவே இருந்தது. ஒருநாள்கூட ஓடாதது அல்லவா!

சித்தாலப்பாக்கத்துக்கு அப்பால் உறவினர் ஒருவருடைய பட்டா நிலத்தில் சில பாறைகள் உண்டு. இப்பகுதியின் கரும்பாறைகளுக்குப் புவியியலில் ஒரு கதையும் உண்டு. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் பல்லாவரம் பகுதியிலிருந்து போனது என்பதை ஒட்டி, ஹாலண்ட் என்ற ஆய்வாளர் 1893இல் இவ்வகைப் பாறைக்குச் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். கெட்டியான கல். மழை நனைத்த அக்கல்லில் பிள்ளை ஏறினான். பின்சக்கரம் பாறையைப் பற்றவில்லை; கண்ணாடிமேல் கோலிக்குண்டுபோல வழுக்கியது. வண்டி ஒருபுறம், அவன் ஒருபுறம்.

ரப்பர் ஓடினால்தான் தேயும்; ஓடாமலிருந்தாலும் மூப்படையும். காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஓசோனும் வெப்பமும் அதை இறுக்கிக்கொண்டே இருக்கும். பரணின் சூட்டைச் சொல்லவே வேண்டாம். நகத்தால் அழுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நாம் அழுத்திப் பார்க்கவில்லை. 2000ஆம் ஆண்டு முதல் டயரின் பக்கச்சுவரில் செய்த காலம் நான்கு எண்களாகப் பொறிக்கப்படுகிறது. 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டனின் உயரத்தைப் பார்க்குமுன் இந்த எண்ணைப் பாருங்கள் என்பதே நம் முதல் வேண்டுகோள்.

விபத்துக்குப் பிறகு மேடவாக்கம் கூட்டுரோட்டுப் பக்கம் ஒரு கடையில் விசாரித்தோம். "மண்ணுல ஓட்டணுமா? இதை எடுத்துக்கோங்க" என்று பெரிய பெரிய பட்டன்கள் வைத்த டயரை உருட்டிவிட்டார் கடைக்காரர். அவர்மேல் தவறில்லை. முரட்டு நிலத்துக்கு முரட்டு டயர் என்றே நாம் அனைவரும் எண்ணுகிறோம். டிரையல்ஸ் டயரின் நியாயம் நேர் எதிரானது. அதன் பட்டன்கள் சிறியவை, சதுரமானவை, நெருக்கமானவை. போட்டி விதிப்படி ஆழம் 13 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ரப்பர் மென்மை; பக்கச்சுவரும் மெல்லியது. சாலையில் 28 பிஎஸ்ஐ அளவில் காற்றடிக்கும் நாம், நவீன டிரையல்ஸ் வண்டிகளின் பின்சக்கரத்துக்கு 4, 5 பிஎஸ்ஐ போதும் என்றால் நம்பமாட்டோம். அவை 70 கிலோ அளவிலானவை. புல்லட் ஏறத்தாழ இருமடங்கு. எனவே சற்றுக் கூட்ட வேண்டும். ஆயினும் கொள்கை ஒன்றே. டயர் பாறையைத் தோண்டுவதில்லை. அதன் வடிவத்துக்குத் தன்னை வளைத்துக்கொண்டு பற்றுகிறது. 2019இல் வந்து 2020இல் நிறுத்தப்பட்ட 'புல்லட் டிரையல்ஸ்' வண்டியின் பின்சக்கரத்தில்கூடச் சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான டயரே இருந்தது. பெயரைப் பார்த்து மயங்கலாகாது.

தேர்வில் வேறு சிலவும் உண்டு. பழைய 19 அங்குல ரிம்முக்குக் கிடைக்கும் டிரையல்ஸ் டயர்கள் சிலவே. 18இல் தெரிவு மிகுதி. ரிம்மின் அகலம் 1.85 அங்குலமா 2.15 அங்குலமா என்று அளக்க வேண்டும். குறுகிய ரிம்மில் 4.00 டயரை மாட்டினால் அது குவிந்து, தரையைத் தொடும் பரப்பு சுருங்கும். செயினுக்கும் டயருக்கும் இடையே போதிய இடைவெளி வேண்டும். ஸ்போக்ஸ் சக்கரமாதலால் டியூப் போட ஏற்ற டயரே உகந்தது. குறைந்த காற்றில் டயர் ரிம்மின்மேல் நகர்ந்து வால்வைப் பிய்த்துவிடும். ரிம் லாக் இன்றியமையாதது. அந்தக் காற்றோடு தாம்பரம் சாலையில் ஏறுவதும் ஆபத்து.

இனி, நண்பர் ஒருவர் எழுப்பிய மறுப்பு: "டயரை மாற்றி, 18 அங்குல ரிம்மும் போட்டுவிட்டால் அது அண்ணனுடைய வண்டியா?" நியாயமான கேள்விதான். காட்சிக்கு நிறுத்தும் வண்டியென்றால் பழைய டயரே இருக்கட்டும். அங்கே அது சான்று. ஆனால் ஓடுகிற வண்டிக்கு?

1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்ற முடிந்தது எதனால்? திருத்தக்கதேவர் காலத்து ஓலை அவர் கைக்குக் கிடைத்ததனால் அன்று. ஓலை செல்லரிக்குமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதிய, பெயர் தெரியாத பலரால். ஓலையைப் போற்றிப் பெயர்த்தெழுதாமல் விட்ட வீடுகளில் நூலும் போயிற்று, ஓலையும் போயிற்று. தமையனாரின் வண்டியில் நூல் எது? அவர் கடைந்த அச்சும், வளைத்த குழாயும், ஆறு மாதம் அறுத்துப் பற்றவைத்த சட்டமும். டயர் ஓலை.

தையில் 18 அங்குல ரிம் கோத்து, அயல்நாட்டிலிருந்து வருவித்த புதிய டயரை மாட்டினோம். சுங்கவரியும் சேர்ந்து விலை கசந்தது. மருத்துவமனைச் செலவோடு ஒப்பிட்டால் கசப்பு குறைந்தது. பங்குனியில் பிள்ளை அதே பாறையில் ஏறினான். நாம் கீழே நின்று பார்த்தோம். ஒருமுறை காலூன்றினான், 1 புள்ளி. வண்டி வழுக்கவில்லை.

பழைய டயரைச் சுவரில் மாட்டியிருக்கிறான். அதன் கீழே சாக்பீஸால் புதிய டயரின் நான்கு எண்களை எழுதிவைத்திருக்கிறான். "இதுவும் காஞ்சு போகும்ல சித்தப்பா, மறந்துடக் கூடாது" என்றான். நாம் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை அவன் நமக்குச் சொன்னான்.