மௌனம் மரணமல்ல

சென்ற மாதம் ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்திருந்தார். கம்ப்யூட்டர் என்ஜினீயர். என் கதைகளை விடாமல் படிக்கிறவர். காபி சாப்பிட்டுக்கொண்டே பேச்சு அவருடைய உத்தியோகத்தின் பக்கம் திரும்பிற்று.

"எங்களிடம் பல யந்திரங்கள் சேர்ந்து ஒரே காரியத்தைச் செய்கின்றன, ஸார். ஏதாவது ஒன்று மூன்று வினாடி பதில் சொல்லவில்லையென்றால், அது செத்துவிட்டதாக முடிவு கட்டிப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவோம். எல்லாம் தானாகவே நடக்கும். மனிதன் தலையிடவே வேண்டியதில்லை" என்றார் பெருமையோடு.

"அது செத்ததை யார் பார்த்தது?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். கதை எழுதுகிறவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. பட்டம் வாங்காதவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். ஒருவன் இருக்கிறானா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது என்ஜினீயர்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த விஷயமல்ல.

கூடி வேலை செய்யும் இந்த யந்திரங்கள் ஒவ்வொன்றும், குறிப்பிட்ட இடைவெளியில் 'நான் இருக்கிறேன்' என்று மற்றவற்றுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அதற்கு இதயத் துடிப்பு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். துடிப்பு வரவில்லையென்றால் என்ன அர்த்தம்? அந்த யந்திரம் செத்திருக்கலாம். வேலைப் பளுவில் மூச்சு முட்டிக் கிடக்கலாம். அல்லது அது நன்றாகவே இருந்து, நடுவே கம்பி அறுந்திருக்கலாம். எதிர்ப்புறம் காத்திருப்பவனுக்கு மூன்றும் ஒரே மௌனந்தான்.

இது என் கற்பனையல்ல. 1985-ல் பிஷர், லின்ச், பாட்டர்ஸன் என்ற மூவர் கணித ரீதியாக ஒன்றை நிரூபித்தார்கள். செய்தி வந்து சேர இவ்வளவு நேரந்தான் ஆகும் என்ற உத்தரவாதம் இல்லாத இடத்தில், ஒரே ஒரு யந்திரம் நின்றுபோகக் கூடும் என்றாலே போதும். மற்றவை ஒரு முடிவுக்கு வந்தே தீரும் என்று, தற்செயலை நம்பாத எந்த முறையும் வாக்குக் கொடுக்க முடியாது. அப்படியானால் மூன்று வினாடி என்பது என்ன? வெறும் ஊகம். ஊகமில்லாமல் உலகம் நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊகத்துக்குத் தீர்ப்பு என்று பெயர் சூட்டி, அதை உடனே நிறைவேற்றியும் விடுகிறார்களே, அதைத்தான் நான் கண்டிக்கிறேன்.

2018 அக்டோபர் 21-ந் தேதி என்ன நடந்தது? உலகமெங்கும் புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் எழுத்தைச் சேர்த்து வைக்கும் இடம் கிட்ஹப். அமெரிக்கக் கிழக்குக் கரையில், பழுதாகி வந்த ஒரு கருவியை மாற்றும்போது, அதன் முக்கிய நிலையத்துக்கான தொடர்பு அறுந்தது. 43 வினாடிதான். அதற்குள் தானியங்கி ஏற்பாடு விழித்துக்கொண்டது. மிச்சமிருந்த யந்திரங்கள் பெரும்பான்மை சேர்ந்து, சட்டப்படியே, தலைமையை மேற்குக் கரைக்கு மாற்றின. கிழக்கில் கடைசிச் சில வினாடிகளில் எழுதப்பட்டவை மேற்குக்குப் போயிருக்கவில்லை. மேற்கில் புதிதாக எழுதப்பட்டவை கிழக்கில் இல்லை. ஒரே கடைக்கு இரண்டு பேரேடு! அதைச் சரிக்கட்டி நிமிர 24 மணி 11 நிமிஷம் ஆயிற்று. இனி ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தலைமையைத் தானாக மாற்றக் கூடாதென்று பிறகு அவர்களே முடிவு செய்தார்கள். பொறுத்திருந்தால் 43 வினாடி. அவசரப்பட்டதால் ஒரு முழு நாள்!

"அப்படியானால் செத்ததையும் கட்டிக்கொண்டு அழச் சொல்கிறீரா?" என்று கேட்பார்கள். இல்லை. ஐந்து பேர் சபையில் மூவர் கூடினால்தான் தீர்மானம் என்றால், செத்த இருவரைப் பட்டியலில் வைத்திருப்பது ஆபத்து. இன்னொருவர் விழுந்தால் சபையே முடங்கும். நீக்கத்தான் வேண்டும். எப்படி நீக்குவது என்பதே என் கேள்வி.

என் பெரியப்பா ஓய்வு பெற்ற வாத்தியார். ஆண்டுக்கொரு முறை, தாம் உயிரோடிருப்பதாகச் சான்றிதழ் கொடுத்தால்தான் அவருக்குப் பென்ஷன். ஒரு வருஷம், அந்தச் சமயம் பார்த்து வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். பென்ஷன் நின்றுபோயிற்று. நான்கு மாதம் கழித்து ஆட்டோவில் தூக்கிப் போனேன். குமாஸ்தா பட்டியலைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார், மறுபடி பட்டியலைப் பார்த்து, "பேர் இல்லியே" என்றார். அவர் கெட்டவரல்ல. பட்டியலை நம்பிப் பழகியவர். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

யந்திர உலகத்தில் அது தோன்றியிருக்கிறது! 2002-ல் கார்னெல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த தாஸ், குப்தா, மோதிவாலா என்பவர்கள் 'ஸ்விம்' என்ற முறையை வெளியிட்டார்கள். ஒரு யந்திரம் பதில் சொல்லாவிட்டால், வேறு சிலரை அனுப்பி விசாரிக்கச் சொல்கிறது அந்த முறை. அவர்களுக்கும் பதில் இல்லையென்றால், முதலில் 'சந்தேகம்' என்றுதான் அறிவிக்கும். சந்தேகிக்கப்பட்டவனுக்கு 'நான் இருக்கிறேன்' என்று மறுக்கத் தவணை உண்டு. 2017-ல் ஹாஷிகார்ப் நிறுவனத்தார் இன்னும் ஒரு படி போனார்கள். எதிராளி செத்தான் என்று கூவுகிறவனே காது மந்தமானவனாக இருக்கலாமல்லவா? ஆகவே, குற்றம் சாட்டுகிறவன் முதலில் தன் ஆரோக்கியத்தைச் சோதித்துக்கொண்டு, தான் தளர்ந்திருந்தால் அதிகம் பொறுக்க வேண்டும் என்று திருத்தினார்கள்.

அறிவு இவ்வளவு தூரம் வந்த பிறகும், வேகம் என்ற ஒரே மோகத்தில் பத்தை ஐந்தாக்கி, ஐந்தை மூன்றாக்குகிறவர்களை என்னவென்பது? தவறாக நீக்கப்பட்ட யந்திரம் அழாது. ஆனால் அதனுள்ளே இருப்பது யாரோ ஒருவருடைய பாங்கிக் கணக்கு, யாரோ ஒரு நோயாளியின் மருந்துச் சீட்டு.

அந்த இளைஞர் மறுபடி வருவார், காபியும் கொடுப்பேன். அந்த மூன்று என்ற எண்ணைப் போட்டவர் யார், எதை அளந்து போட்டார், தவறிப் போனால் திருத்த வழி உண்டா என்று கேட்பேன். பதில் வைத்திருந்தால் தாராளமாகச் சிரிக்கட்டும். நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.