அங்கிட்டுத் திருப்பு!

ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் டி.வி. தெளிவாகத் தெரிய மூன்று பேர் வேண்டும். மொட்டை மாடியில் அப்பா, படிக்கட்டில் அம்மா, டி.வி.க்கு முன்னால் அரை டிராயரில் நான். அப்பா ஆன்டெனா குழாயைக் கட்டிப்பிடித்துத் திருகியபடி "வந்துருச்சா?" என்பார். நான் "வந்துருச்சு!" என்று கத்துவேன். அம்மா அதை மாடிக்கு அஞ்சல் செய்வாள். செய்தி மேலே போய்ச் சேர்வதற்குள் படம் போயிருக்கும்.

செல்லூரில் அன்றைக்கு எல்லா ஆன்டெனாவும் சமயநல்லூரைப் பார்த்துதான் நிற்கும். சமயநல்லூரில் டவர் எதுவும் இல்லை சார். அதே திசையில் எழுபது, எண்பது கிலோமீட்டர் தள்ளி, கொடைக்கானல் மலை மேல் தூர்தர்ஷன் டவர். டி.வி. அலை நேர்கோட்டில் போகிற ரகம். அதனால்தான் டவரை அத்தனை உயரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். மீன் முள் மாதிரி இருக்குமே அந்த ஆன்டெனா, அது 1926-ல் ஜப்பானில் யாகி, உடா என்ற இரண்டு பேர் உலகுக்குக் கொடுத்தது. நீளக் கம்பி பின்னால், குட்டைக் கம்பிகள் டவரைப் பார்த்து முன்னால். இதைத் தலைகீழாக மாட்டிவிட்டு, ஒரு வாரம் டி.வி. கம்பெனிக்காரனைத் திட்டியவர் எங்கள் தெருவிலேயே உண்டு. (நான் எழுதினேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம்.) செய்தி வாசிப்பவருக்கு இரண்டு மூக்கு தெரிந்தால், அலை நேராக ஒரு தடவையும் கட்டிடத்திலோ மலையிலோ முட்டிக்கொண்டு தாமதமாக இன்னொரு தடவையும் வருகிறது என்று அர்த்தம். நாங்கள் பழியை யானைமலை மேல் போட்டுவிட்டு இரண்டு மூக்கையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன வருஷம் டவுன் ஹால் ரோட்டில் நாற்பத்து மூன்று இன்ச் டி.வி. வாங்கினேன். அன்றைய தூர்தர்ஷன் படத்தில் கண்ணுக்குத் தெரிந்த கோடு 576. இதில் 2160. மாடி ஏறும் வேலையே இல்லை. ரிமோட் போதும்.

பி.காம். படித்தவனுக்கு டெபிட், கிரெடிட் தவிர என்ன தெரியும் என்பீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மெனுவுக்குள்ளேயே குடியிருந்து சில விஷயங்களைக் கண்டுபிடித்தேன். கடையில் நூறு டியூப்லைட்டுக்கு நடுவே பளிச்சென்று தெரிவதற்காக 'விவிட்' என்று ஒரு மோட் இருக்கிறது. வீட்டில் அதை வைத்தால் தக்காளிகூட ரத்தக் காயம் மாதிரி தெரியும். 'சினிமா' மோடுக்கு மாற்றுங்கள். ஷார்ப்னெஸ்ஸைக் குறையுங்கள். அது தெளிவைக் கூட்டுவதில்லை, ஓரங்களில் கோடு போட்டு ஏமாற்றுகிறது. அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று உண்டு, கம்பெனிக்குக் கம்பெனி பெயர் வேறு. அதை அணைக்காவிட்டால் பெரிய பட்ஜெட் படமும் மெகா சீரியல் மாதிரி ஆகிவிடும். கறுப்பு வெள்ளைப் படத்தை இழுத்துத் திரையை நிரப்பாதீர்கள். ஒல்லி நாகேஷே பயில்வான் ஆகிவிடுகிறார்! எச்.டி. சானலுக்குத் தனியாகப் பணம் கட்டிவிட்டு, மஞ்சள்-சிவப்பு-வெள்ளைப் பழைய வயரில் பார்க்கிற புண்ணியவான்கள் ஆபீஸுக்கு நாலு பேராவது இருப்பார்கள். அந்த வயரில் எச்.டி. வராது சாமி. எச்.டி.எம்.ஐ. வயரை மாட்டுங்கள்.

இவ்வளவும் செய்தேன். அப்பா பார்த்துவிட்டு, "மங்கலா இருக்குடா. மஞ்சளா வேற இருக்கு" என்றார்.

நான் ஆபீஸ் போனதும் அவர் 'விவிட்' வைப்பார். வந்ததும் நான் 'சினிமா' வைப்பேன். மூன்று மாசம் இந்த யுத்தம். "உங்களுக்கு ரசனையே கிடையாதுப்பா" என்றுகூட ஒருநாள் சொல்லிவிட்டேன். கிரிக்கெட் ஓடும்போது "ஸ்கோர் எம்புட்டுடா?" என்பார். "அதான் கீழே போட்டிருக்கானே!" என்று எரிந்து விழுவேன். ரிமோட்டை ஒளித்து வைத்ததும் உண்டு.

ஒருநாள் பெரியார் பஸ் ஸ்டாண்டில், வந்து நின்ற பஸ்ஸின் நம்பரைப் பக்கத்திலிருந்த பையனிடம் அப்பா கேட்டார். பஸ் பத்தடி தூரத்தில் நிற்கிறது. நான் பின்னால் நிற்கிறேன்.

அந்த வாரமே அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். 1976-ல் பதினோரு படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி நம் ஊரில் ஆரம்பித்தது. சொட்டு மருந்து விட்டு, உட்கார வைத்துப் பார்த்தார்கள். இரண்டு கண்ணிலும் புரை. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் வயசாக ஆகப் பழுப்பாகிவிடும், வெளிச்சம் சிதறும் என்று விளக்கினார் டாக்டர். மங்கல், மஞ்சள். அப்பா சொன்ன அதே இரண்டு வார்த்தை. அந்த மனுஷன் 'விவிட்' வைத்தது கொஞ்சமாவது தெரியட்டும் என்றுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, ரிமோட்டை ஒளித்துவைத்த இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வலது கண் ஆபரேஷன் முடிந்தது. சில நாள் கழித்து டி.வி. முன்னால் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால், மாற்றி மாற்றிப் பார்த்தார். "இந்தக் கண்ணுல வானம் நீலமா இருக்கு. அந்தக் கண்ணுல பில்டர் காபி மாதிரி இருக்குடா!" என்றார். அப்புறம், "நியூஸ் வாசிக்கிற பொண்ணு என்ன இம்புட்டு பவுடர் அப்பியிருக்கு?"

இடது கண்ணுக்கு அடுத்த மாசம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை தினம் சாயங்காலம் நான் ரிமோட்டோடு மெனுவுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். பிரைட்னெஸ்ஸை ஒரு புள்ளி ஏற்றிவிட்டு, "வந்துருச்சாப்பா?" என்று கேட்பேன்.

"வந்துருச்சு... இரு, போயிருச்சு. அங்கிட்டுத் திருப்பு!"