வாசலில் வந்து கொல்லையில் போகும் திருடன்

இடி இடித்தால் உங்கள் வீட்டில் முதலில் என்ன நடக்கிறது? எங்கள் பாட்டி "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்லிக்கொண்டே கொடியில் காயும் துணிகளை எடுக்க ஓடுவாள். நாமும் துணிக்குத்தான் ஓடுகிறோம். கூடத்து மூலையில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு இன்டர்நெட் மோடம் என்று ஒரு சிறு பெட்டி உட்கார்ந்திருக்கிறதே, அதை யாரும் நினைப்பதில்லை. மழை விட்ட பிறகுதான் அது உயிரை விட்டது தெரிகிறது.

சென்ற புரட்டாசியில் ஒரகடத்தில் என் சித்தி பெண் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. அவள் வீட்டிலிருந்தபடியே கணக்கு வேலை பார்க்கிறவள். நான் போய் இறங்கிய மாலையில் ஒரு பெருத்த இடி. மோடத்திலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை. டெலிவிஷனும் கண்ணை மூடிக்கொண்டது.

"அக்கா, இது மூணாவது பெட்டி! ஸ்பைக் பஸ்டர் கூட வாங்கி மாட்டினேனே!" என்று அழாக்குறையாகச் சொன்னாள்.

வேடிக்கை என்னவென்றால், அதே கூடத்திலிருந்த மின்விசிறிக்கு ஒன்றும் ஆகவில்லை. சமையலறையில் மிக்ஸியும் கிரைண்டரும் சௌக்கியம். இடிக்கு மோடத்தின்மேல் மட்டும் என்ன விரோதம்?

காரணம் இதுதான். மிக்ஸிக்கு ஒரே வாசல்: மின்சார ஒயர். மோடத்துக்கு இரண்டு வாசல்: ஒன்று மின்சாரம், மற்றொன்று செய்தி வருகிற கம்பி. மின்னல் நம் வீட்டுக் கூரையில் விழ வேண்டியதே இல்லை. அரை கிலோமீட்டர் தள்ளி விழுந்தாலும் போதும். நீளமாக ஓடுகிற கம்பிகளில் ஒரு கணம் மின்சாரம் பொங்கி எழுகிறது. ஒரு மின்னலில் பாய்வது சுமார் முப்பதாயிரம் ஆம்பியர். நம் வீட்டு பிளக்கோ ஐந்து, பதினைந்து ஆம்பியரோடு நின்றுவிடுகிறது. அந்த வெள்ளத்தின் ஒரு துளி ஒரு கம்பி வழியாக உள்ளே வந்து, மறு கம்பி வழியாக வெளியே ஓடப் பார்க்கிறது. வாசல் வழியாக நுழைந்த திருடன் கொல்லைப்புறமாகப் போகிற மாதிரி! போகிற வழியில் இருக்கும் பாத்திரம் பண்டமெல்லாம் நாசம். மோடம், டெலிவிஷன், பழைய டெலிபோன் எல்லாம் இப்படி இரண்டு வாசல் வைத்தவை.

என் சித்தி பெண் வீட்டில் கொல்லை வாசல் எது தெரியுமா? கேபிள்காரர் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி இழுத்து வந்திருந்த செம்புக் கம்பி. நாலு வீடு தாண்டித் தொங்கியது.

ஸ்பைக் பஸ்டர் ஏன் காப்பாற்றவில்லை? அதற்கான பதில் எனக்குக் கிடைத்தது எதிர்பாராத இடத்திலிருந்து.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் என்றுதான் நமக்குத் தெரியும். இந்தத் தலைமுறைக்கு அது டெலிபோன் பிறக்கும் ஊர். 2006-இல் அங்கே திறந்த நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடிக்கொண்டது. இன்று ஐபோன்கள் அந்த வட்டாரத்தில் தயாராகின்றன. தெற்கேயிருந்தும் வடக்கேயிருந்தும் இளம் பெண்கள் வந்து, அறை எடுத்துத் தங்கி வேலை செய்கிறார்கள். என் சித்தி பெண் வீட்டு மாடியிலும் அப்படி நாலு பெண்கள். சத்தம் கேட்டு இறங்கி வந்த ஒருத்தி, தென்காசிப் பக்கத்துக்காரி, செத்த மோடத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அக்கா, இங்கே எர்த் இருக்கா?"

"மூணு ஓட்டை பிளக் இருக்கே!"

"ஓட்டை இருக்கும், எர்த் இருக்கணுமே! எங்க கையிலேயே கட்டி விட்டுடுவாங்க."

பிறகு விவரமாகச் சொன்னாள். தொழிற்சாலையில் உட்காரும்போது மணிக்கட்டில் ஒரு பட்டை. அதிலிருந்து ஓர் ஒயர் தரைக்குப் போகிறது. நாம் நடந்தாலும், புடைவை உரசினாலும் உடம்பில் மின்சாரம் சேருகிறதாம். பனிக்காலத்தில் கம்பளியை உதறினால் சடசடக்கிறதே, அந்த ஜாதி. அது மூவாயிரம் வோல்ட்டை எட்டினால்தான் நமக்குச் சுரீர் என்று தெரியும். போனுக்குள் இருக்கும் சில்லு நூறு வோல்ட்டுக்கே கெட்டுப் போகலாம். ஆகவே கையில் சேருவதை அவ்வப்போது பூமிக்கு அனுப்பிவிட ஏற்பாடு. கட்டியிருக்கும் பெண்ணுக்கு ஷாக் அடிக்காமலிருக்க, பட்டையில் பத்து லட்சம் ஓம் தடை ஒன்றும் வைத்திருக்கிறார்களாம்.

எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு டெலிபோனைக் காப்பாற்ற அந்தப் பெண்ணின் கையையே பூமியோடு கட்டுகிறார்கள். அவள் தூங்குகிற வீட்டிலோ?

மறுநாள் எலக்டிரீஷியன் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். மூன்றாவது ஓட்டையில் ஒன்றுமே இல்லை. எப்போதோ போர்வெல் மோட்டாருக்குப் பள்ளம் தோண்டியபோது எர்த் கம்பி அறுந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. இது மோடத்தோடு போகிற சமாசாரமா? ஃபிரிட்ஜிலோ வாஷிங் மெஷினிலோ கசிவு ஏற்பட்டால், தொடுகிறவள் கைதான் எர்த்! இதைக் கேட்ட பிறகுதான், "சரி, செஞ்சுடலாம்" என்று வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

ஸ்பைக் பஸ்டர் சமாசாரமும் இதுதான். அதற்குள் இருக்கும் சிறு வில்லை, வோல்ட்டேஜ் எகிறினால் கதவைத் திறந்து அதைத் திருப்பி விடுகிறது. எர்த்தே இல்லாவிட்டால் பூமிக்குத் திருப்புவது எங்ஙனம்? ஒவ்வோர் அடிக்கும் அந்த வில்லை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயவும் செய்யும். ஐந்து வருஷத்துப் பெட்டியை நம்பி இருக்காதீர்கள். ஸ்டெபிலைசரோ இந்த வேலைக்கே ஆகாது. அது விழித்துக் கொள்வதற்குள் மின்னல் வந்து போய்விடும்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு ஜோடிக் கம்பிக்கும் ஒரு குட்டிக் குழாய் வைப்பார்கள். உள்ளே வாயு. சாதாரண நாளில் அது சும்மா இருக்கும். இடி வந்தால் அந்த வாயுவே கம்பியாக மாறி, வந்ததைப் பூமிக்கு அனுப்பிவிடும். செல்போன் கோபுரத்திலும் உச்சியிலிருந்து தரை வரை பட்டை இறக்கி, கோபுரம், ஜெனரேட்டர், மின்சாரம், கேபிள் எல்லாவற்றையும் ஒரே எர்த்தில் சேர்க்கிறார்கள். அந்த 'ஒரே' என்பதுதான் சூட்சுமம். குளத்தில் தண்ணீர் ஏறினால் தெப்பமும் அதிலிருக்கும் விளக்கும் சேர்ந்தே ஏறுகின்றன, விளக்கு கவிழ்வதில்லை. எல்லாக் கம்பியும் சேர்ந்து உயர்ந்தால் நடுவில் இருக்கும் பெட்டிக்குச் சேதம் இல்லை.

கேபிள்காரரிடம் சொல்லிச் செம்புக் கம்பியை மாற்றிக் கண்ணாடி இழை போட்டுக் கொண்டாள் என் சித்தி பெண். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. கொல்லை வாசல் அடைபட்டது. ஆனால் மின்சார வாசல் திறந்துதானே இருக்கிறது?

ஆகவே, வானம் கறுத்தவுடனேயே பிளக்கைப் பிடுங்கி விடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. மேகத்திலிருந்து தாண்டி வந்த மின்னலுக்கு சுவிட்சின் சிறு இடைவெளி ஒரு தாண்டலா? செம்புக் கம்பி வருகிற வீடானால் அதையும் கழற்றுங்கள். தலைக்கு மேல் இடித்துக் கொண்டிருக்கும்போது மட்டும் தொடாதீர்கள். பெட்டி போனால் போகட்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது விநாடிக்குக் குறைவாக எண்ணினால், அது பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

செல்போன் மின்னலை இழுக்கும் என்கிறார்களே? இழுக்காது. ஆனால் சார்ஜரில் மாட்டியபடியே பேசினால் நீங்களும் அந்தக் கம்பியில் சேர்த்திதான். ஒயர் வைத்த டெலிபோனும் அப்படியே. 2022-இல் நம் தேசத்தில் மின்னலால் இறந்தவர்கள் 2,887 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. வீட்டுக்குள் அபாயம் குறைவு. அடியோடு இல்லை என்று சொல்வதற்கில்லை.

ஒரகடத்து வீட்டில் புது எர்த் குழி, வாசல் ஓரத்தில், துளசி மாடத்துக்குப் பக்கத்தில். மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது. வெயில் நாளில் தண்ணீர் விட வேண்டும் என்று எலக்டிரீஷியன் சொல்லிப் போயிருக்கிறார். காலையில் துளசிக்கு ஊற்றிவிட்டு, மிச்சத்தைக் குழியில் ஊற்றுகிறாளாம் என் சித்தி பெண். அவள் மறந்த நாளில், ஷிஃப்ட் முடிந்து வருகிற அந்தத் தென்காசிப் பெண் ஊற்றிவிட்டு மாடி ஏறுகிறாள்.