மாத்திரை தவறும் நாளில் கைவசம் என்ன இருக்கிறது?

அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் விலையின்றித் தரப்படும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கின்றன. 21 மாத்திரைகளில் கருத்தரிப்பைத் தடுக்கும் ஹார்மோன். எஞ்சிய 7 இரும்புச்சத்து. நாளொன்றுக்கு ஒன்று, கூடுமானவரை ஒரே நேரத்தில் என்பதே விதி. எளிய விதிதான். ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் விழித்து, ஒரே வீட்டில் உறங்கி, அட்டையை யார் கண்ணுக்கும் படாமல் வைத்துக்கொள்ளத் தனக்கென ஓர் அலமாரியும் உடைய பெண்ணை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி அது. விடிவதற்குள் கூலி வண்டி ஏறுகிறவர்களும், செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் மாதக்கணக்கில் குடிபெயர்கிறவர்களும், எட்டுப் பேர் தங்கும் விடுதி அறையில் ஓர் இரும்புப் பெட்டியை மட்டும் சொந்தமாகக் கொண்டவர்களும் அந்த விதிக்குள் எளிதில் அடங்குவதில்லை.

கருத்தடை மாத்திரையைப் பற்றி மருத்துவ நூல்கள் இரண்டு எண்களைத் தருகின்றன. ஒருநாளும் தவறாமல் உட்கொள்ளும் ஆயிரம் பெண்களில் ஓராண்டில் கருத்தரிப்பவர் ஏறத்தாழ மூவர். நடைமுறை வாழ்வில், மறதியும் தாமதமும் சேர்ந்த பயன்பாட்டில், நூறு பேரில் ஏழு பேர். அதே விகிதம் பத்தாண்டு நீடிப்பதாகக் கணக்கிட்டால், ஏறத்தாழ பாதிப்பேர் ஒருமுறையேனும் விரும்பாத கருவைச் சுமந்திருப்பார்கள். அந்த ஏழு என்ற எண்ணும் அமெரிக்கப் பெண்களிடம் திரட்டிய தரவிலிருந்து பெறப்பட்டது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்துநிற்கும் பெண் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. மாத்திரை பயனற்றது என்பதல்ல நம் வாதம். அது நல்ல மருந்து. கோடிக்கணக்கான பெண்களின் வாழ்வை மாற்றிய மருந்து. அதை மட்டுமே நம்பி, அது தவறும் நாளுக்கென்று இரண்டாவது காப்பு எதுவும் இல்லாத நிலையில் பெண்களை விடுவது யார், ஏன் என்பதே நம் கேள்வி.

முதலில், தவறினால் என்ன செய்வது என்ற அறிவே பலருக்கும் தரப்படுவதில்லை. ஒரு நாள் மறந்தால் நினைவு வந்தவுடன் அந்த மாத்திரையை உட்கொண்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் தொடரலாம், அச்சம் தேவையில்லை. இரண்டு நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து தவறினால் நிலைமை வேறு. ஒன்றை உடனே உட்கொண்டு நாள்தோறும் தொடர வேண்டும். தொடர்ச்சியாக ஏழு நாள் உட்கொண்டு முடியும்வரை ஆணுறையும் தேவை. தவறியது மூன்றாம் வாரத்தில் என்றால் இரும்புச்சத்து மாத்திரைகளை விட்டுவிட்டு நேரே அடுத்த அட்டையைத் தொடங்க வேண்டும். உட்கொண்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று உட்கொள்ள வேண்டும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் இரண்டு நாள் நீடித்தால் அது மாத்திரை தவறியதற்கே சமம்.

இவற்றுள் மிக ஆபத்தான தவறு, புதிய அட்டையைத் தாமதமாகத் தொடங்குவது. ஏற்கெனவே ஏழு நாள் ஹார்மோன் இன்றி இருந்த உடலில் மேலும் இரண்டு மூன்று நாள் இடைவெளி விழுந்தால் சினைமுட்டை வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது. இதைப் பெண்ணின் மறதி என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அடுத்த அட்டை கையிருப்பில் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்கும் அதே உயிரியல்தான் பொருந்தும். ஒருநாள் கூலியை இழந்து சுகாதார நிலையத்துக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் நிர்வாகத்தின் தவறு, மாதம் கழிந்ததும் அவருடைய தவறாகப் பதிவாகிறது.

இன்னொரு செய்தியை நம் இயக்கத் தோழர்கள் குறிப்பாக அறிந்திருக்க வேண்டும். காசநோய்ச் சிகிச்சையின் முதுகெலும்பான ரிஃபாம்பிசின், கருத்தடை மாத்திரையின் ஹார்மோனை ஈரல் விரைவாகச் சிதைத்து வெளியேற்றச் செய்கிறது. வலிப்பு நோய்க்குத் தரப்படும் ஃபெனிடோயின், கார்பமாசெபைன் ஆகியவையும் அவ்வாறே. சளிக்கும் காய்ச்சலுக்கும் வழக்கமாகத் தரப்படும் ஆண்டிபயாடிக்குகள் இந்த வேலையைச் செய்வதில்லை. அந்தப் பொதுவான அச்சம் தேவையற்றது. ரிஃபாம்பிசின் உட்கொள்ளும் பெண் ஒருநாள்கூடத் தவறாமல் மாலா-என் உட்கொண்டாலும் அது அவரை முழுமையாகக் காப்பதில்லை. சிகிச்சை முடிந்த பின்னும் சுமார் நான்கு வாரம் இந்த விளைவு நீடிக்கும். ஆறு மாதச் சிகிச்சைக் காலத்தில் அவருக்குத் தேவை காப்பர்-டி, அல்லது அந்தரா என்ற பெயரில் அரசு தரும் மூன்று மாத ஊசி; இவற்றின் ஆற்றலை ரிஃபாம்பிசின் குறைப்பதில்லை. காசநோய் எங்கே அடர்ந்திருக்கிறது? காற்றோட்டமற்ற ஓரறை வீடுகளில், ஊட்டமற்ற உடல்களில், தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளில். சேரிக்கும் காலனிக்கும் அந்த நோய் எப்படி வந்தது என்று நமக்கு விளக்கத் தேவையில்லை. காசநோய் மருந்தைத் தருபவர், கருத்தடைக்கு என்ன பயன்படுத்துகிறீர்கள் என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

இரண்டாவது காப்பு என்றவுடன் எல்லா மருத்துவரும் சொல்வது ஆணுறை. பால்வினை நோய்களிலிருந்தும் எச்.ஐ.வி.யிலிருந்தும் காப்பது அது ஒன்றே. மாத்திரை அதைச் செய்யாது. ஆனால் அதை அணிய வேண்டியவர் ஆண். இங்கேதான் நம் வீடுகளுக்குள்ளும் பேச வேண்டியிருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், தமிழ்நாட்டில் 57.8 விழுக்காடு. ஆணுக்கான அறுவை சிகிச்சை, அதைவிட எளியதும் பாதுகாப்பானதும், நாடளவில் 0.3 விழுக்காடு. ஆணுறையை நம்பும் இணையர் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சாதி ஒழிப்பு மேடையில் முழங்கிவிட்டு வீடு திரும்பும் ஆணும் இந்த எண்களுக்குள் இருக்கிறார்.

கத்திக்கு முன்னால் வேறு தேர்வே இல்லாத ஒரு முறையின் விலையை நாடு 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் கண்டது. சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்ட முகாமில் 13 பேர் இறந்தனர். முகாமுக்கு அழைத்து வரப்பட்டோர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைக் குடும்பங்களின் பெண்கள். 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் இத்தகைய முகாம்களை நிறுத்தும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. முகாம்கள் போகலாம், ஆனால் இரண்டு குழந்தை பெற்ற ஏழைப் பெண்ணுக்கு அறுவை, படித்த நகரத்துப் பெண்ணுக்கு மாத்திரையும் தேர்வும் என்ற பிரிவினை போகவில்லை. தமிழ்நாட்டில் மாத்திரையை நம்பும் மணமான பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்பது அதன் மறுபக்கம்.

ஆணுறை கிழிந்த இரவுக்கும் மாத்திரை தவறிய வாரத்துக்கும் உரிய கடைசிக் காப்பு அவசரக் கருத்தடை மாத்திரை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே வேளை, 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவாகவோ அவ்வளவு நல்லது. அது சினைமுட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடுகிறது. ஏற்கெனவே உருவான கருவைக் கலைப்பதில்லை. 2005இல் மருத்துவர் சீட்டின்றி இதை விற்க ஒன்றிய அரசு அனுமதித்தது. ஆனால் தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் பெரும்பாலானவற்றில் இது பல ஆண்டுகளாகக் கிடைப்பதில்லை. தடை ஆணை என்று எதையும் யாரும் காட்டுவதில்லை; கடையில் கேட்டால் இங்கே வராது என்ற பதில் மட்டும் வருகிறது. கருக்கலைப்பு மாத்திரையோடு இதைக் குழப்பிக்கொள்வதும், கேட்பவரின் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்ப்பதும் அந்தப் பதிலின் பகுதிகள். எழுதப்படாத தடைக்கு எதிராக வழக்குத் தொடுப்பது கடினம். எழுதப்படாத விதிகளால் தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும் நிறுத்தப்பட்ட சமூகத்துக்கு இந்த உத்தி புதிதன்று.

வசதி உள்ளவர் பெங்களூரிலிருந்து வரும் நண்பரிடம் சொல்லி வாங்கிவிடுவார். சாதி கடந்து நேசிக்கும் கல்லூரி மாணவிக்கு அந்த 72 மணி நேரம் வேறு பொருள் கொள்கிறது. அவருடைய கருவுற்ற செய்தி வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு நிற்கலாம், கட்டாயத் திருமணம் நடக்கலாம், தலித் இளைஞரின் உயிரே போகலாம். ஆணவக் கொலைகளைப் பற்றி இத்தனை எழுதும் நாம், அவற்றுக்கு முந்தைய இந்தச் சிறிய மருத்துவத் தேவையைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. கூச்சம்தான் காரணம் என்றால், அந்தக் கூச்சம் யாருடைய ஒழுக்கநெறியிலிருந்து நமக்கு வந்தது என்றும் கேட்டுக்கொள்வோம்.

கடையில் கிடைக்காவிடினும் வழி முற்றிலும் அடைபடவில்லை. ஐந்து நாளுக்குள் பொருத்தப்படும் காப்பர்-டி அவசர மாத்திரையைவிட உறுதியான காப்பு. ரிஃபாம்பிசின் உட்கொள்வோருக்கு அவசர மாத்திரையின் ஆற்றலும் குறையும் என்பதால் அவர்களுக்கு இதுவே தக்கது. அதையும் தாண்டிக் கரு உருவானால் சட்டம் துணை நிற்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம், கருத்தடை முறை தோற்றதால் உண்டான கருவை 20 வாரம் வரை கலைக்கலாம் என்ற விதியில் ‘மணமான பெண், அவரது கணவர்’ என்றிருந்ததைப் ‘பெண், அவரது இணையர்’ என்று மாற்றியது. மணமாகாதவருக்கும் அது பொருந்தும். 18 வயது நிறைந்தவருக்கு அவருடைய ஒப்புதல் ஒன்றே போதும். கணவர், பெற்றோர் கையொப்பம் சட்டத்தில் இல்லை. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் 24 வாரம் வரையிலான பிரிவிலும் மணமாகாத பெண்களைச் சேர்த்ததோடு, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிப்பதையும் கண்டித்தது. அறுவை செய்துகொள்வதாக ஒப்புக்கொண்டால்தான் கலைப்போம் என்று எவரேனும் சொன்னால் அது அத்தகைய நிபந்தனையே.

கருத்தடை நம் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று எண்ணுவோர், 1938 நவம்பர் 10 அன்று பம்பாய்ச் சட்டமன்றத்தில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் உறுப்பினர் பி.ஜே. ரோஹம் கொண்டுவந்த தீர்மானத்தை நினைவில் கொள்ளட்டும். பிறப்புக் கட்டுப்பாட்டு வசதிகளை அரசே மக்களுக்குத் தர வேண்டும் என்று கோரிய அந்தத் தீர்மானத்துக்கான உரையை எழுதியவர் அண்ணல் அம்பேத்கர். தீர்மானம் தோற்றது. அதே காலத்தில் தமிழ்நாட்டில் பெரியார், மக்கள்தொகைக் கணக்குக்காக அன்றிப் பெண்ணின் விடுதலைக்காகக் கருத்தடையை வலியுறுத்திக்கொண்டிருந்தார்.

தீர்மானத்தை நாம் இன்று வேறு வடிவில் முன்வைக்கலாம். தேசியக் குடும்பநலத் திட்டத்தில் ஈஸி பில் என்ற பெயரில் அவசரக் கருத்தடை மாத்திரை இலவசமாக வழங்கப்பட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய்க் கட்டணத்தோடு, ஒவ்வொரு மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் மூன்று கேள்விகள் அனுப்பலாம்: கடந்த ஆண்டு ஒவ்வோர் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கும் எத்தனை அவசரக் கருத்தடை மாத்திரைகள் வந்தன, எத்தனை வழங்கப்பட்டன, மாலா-என் அட்டைகள் கையிருப்பில் இல்லாத நாட்கள் எத்தனை, காசநோய்ச் சிகிச்சை பெறும் பெண்களுக்குக் கருத்தடை ஆலோசனை வழங்க எழுத்துமூல அறிவுறுத்தல் உண்டா. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஒன்றே போதும்: இந்த மாத்திரையின் விற்பனையைத் தடுக்கும் ஆணை ஏதும் இருந்தால் அதன் நகல் தருக.