கரணை பிடித்தவனுக்கு எவர் சாட்சி?

தோழரே!

கட்டட ஒப்பந்தக்காரர்கள் 1941-லேயே அகில இந்தியச் சங்கம் கண்டவர்கள். அவர்கள் விருந்து மண்டபத்திலே கூடினால் தொழில் தொடர்பு. விடியுமுன் முச்சந்தியிலே கொத்தனாரும் சித்தாளும் தூக்குச்சட்டியோடு கூடினால் போக்குவரத்துக்கு இடையூறு!

கட்டுமானச் செலவிலே நூற்றுக்கு ஒன்றேனும் தொழிலாளர் நலனுக்கு என்றது 1996-ஆம் ஆண்டுச் சட்டம். நன்று! ஆனால் அதன் பயன்பெற, 12 மாதத்திலே 90 நாள் கட்டட வேலை செய்து, பெயரையும் பதிந்திருக்க வேண்டும் என்றும் விதித்தது. நாளுக்கொரு மேஸ்திரியிடம் கைநீட்டிக் கூலி பெறுபவனுக்கு அந்த 90 நாளை எண்ணிச் சொல்பவர் எவர்? மேஸ்திரியா? அவர் முகவரியே இவன் அறியான்! பக்கத்திலே சாந்து சுமந்தவள் அறிவாள். கம்பி கட்டியவன் அறிவான். அவர்களைச் சங்கமாய்ச் சேர்த்தோமா? மேடை கட்ட மட்டும் தச்சரை அழைத்தோம்!

நாளை திங்கள். பெயரேட்டோடு உமது ஊர் முச்சந்திக்குச் செல்லும், ஐந்து மணிக்கு. தேநீர்ச் செலவு உம்முடையதாகட்டும்.