அரைக் கட்டை

சம்பளம் கொடுத்து நடத்தும் நாடகக் கம்பெனியில் நடிகர்கள் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் நாடகம் நடந்துவிடும். மாதக் கடைசியில் கைக்கு வரும் பணம் எல்லாரையும் ஒரு கயிற்றில் கட்டி வைத்திருக்கும். ஊர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிச் சொந்தப் பணத்தைப் போட்டு ஆடும் சங்கீத நாடகத்தில் அந்தக் கயிறு கிடையாது. ஒருவர் கோபித்துக்கொண்டு ஒத்திகையிலிருந்து எழுந்து போய்விட்டால், அவரைத் திரும்ப அழைத்து வரச் சிநேகத்தைத் தவிர வேறு ஆயுதம் இல்லை.

இதை எனக்கு முதன்முதலில் உணர்த்தியது பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்' என்னும் நூல். ஆறு பாகங்கள் கொண்டது. நாடகக் கலையின் சரித்திரம் என்று எண்ணி எடுத்தேன். படித்து முடித்தபோது அது முக்கால்வாசி நண்பர்களின் சரித்திரமாக இருந்தது. 1891ஆம் ஆண்டு பல்லாரியிலிருந்து சரஸ வினோதினி சபையார் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் ஆடினார்கள். அவர்களுக்குத் தலைவர் தர்மவரம் கிருஷ்ணமாசாரியார், தொழிலில் வக்கீல். நடிகன் என்றால் கூத்தாடி என்று ஏளனம் செய்த காலம் அது. படித்த, கௌரவமான மனிதர்கள் முகத்தில் வர்ணம் பூசிக்கொண்டு மேடையேறியதைக் கண்ட பதினெட்டு வயதுச் சம்பந்தத்துக்கு அதுவரை தமிழ் நாடகத்தின்மேல் இருந்த வெறுப்பு ஒரேயடியாக மாறிப்போயிற்று. அவ்வருஷமே சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சுகுண விலாச சபையைத் தொடங்கினார்.

பிற்காலத்தில் அவர் வக்கீலானார். ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதியும் ஆனார். தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். 1959இல் பத்மபூஷண் விருது பெற்றார். சபையில் வேஷம் கட்டிய பிரபலஸ்தர்களில் தேசபக்தர் ஸத்தியமூர்த்தியும் ஒருவர். இவையெல்லாம் பலரும் அறிந்தவை. ஆனால் நூலில் திரும்பத் திரும்ப வரும் பெயர் வேறு: சி. ரங்கவடிவேலு. சம்பந்த முதலியார் கதாநாயகன் என்றால் ரங்கவடிவேலுதான் கதாநாயகி. பெண்கள் இத்தகைய சபைகளின் மேடையில் ஏறாத காலமாகையால் ஆண்களே ஸ்திரீ வேஷம் போட்டார்கள். (அது அந்நாளைய சமூகத்தின் குறை, அதைக் கலையின் பெருமையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.) இருவரும் சேர்ந்து எத்தனையோ இரவுகள் நடித்தார்கள். 1923இல் ரங்கவடிவேலு காலமானார். நண்பரைப் பற்றி முதலியார் எழுதியிருக்கும் பக்கங்களைப் படிக்கும்போது, இத்தனை காலம் இவரை மேடைக்கு இழுத்தது நாடகமா, அந்த நண்பரா என்ற சந்தேகம் எனக்கு வந்துவிட்டது.

அந்தச் சந்தேகத்துக்குச் சென்ற தை மாதம் எங்கள் ஊரிலேயே ஒருவாறு விடை கிடைத்தது.

எங்கள் ஊரில் சிலர் சேர்ந்து கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தைச் சங்கீத நாடகமாக ஆட முற்பட்டார்கள். மருந்துக் கடைக்காரர், பாங்கு குமாஸ்தா, சத்துணவுக் கூடத்து அம்மாள், கல்லூரி மாணவர்கள் மூவர் இப்படியாகக் கோஷ்டி சேர்ந்தது. பாடவும் வராது, ஆடவும் வராது என்பதால் எனக்குக் கிடைத்த உத்தியோகம், திரை ஓரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நின்று, மறந்தவர்களுக்கு வசனத்தை எடுத்துக் கொடுப்பது. இந்த உத்தியோகத்தில் ஒரு சௌகரியம் உண்டு. சபையோர் மேடையின் முன்பக்கத்தை மட்டும் பார்ப்பார்கள். எடுத்துக் கொடுப்பவன் இரண்டு பக்கத்தையும் பார்ப்பான்.

பள்ளிக்கூடத்துக் கூடத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் ஒத்திகை. முதல் இரண்டு இரவும் பாட்டே நடக்கவில்லை, வாதந்தான் நடந்தது. நந்தனைத் தீயில் இறக்கித்தான் கோயிலுக்குள் அனுப்ப வேண்டுமா என்று மாணவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாற்பது வேலி நிலத்தை ஓர் இரவில் அறுத்து முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிற வேதியர் பெரிய புராணத்தில் இல்லை; அவர் பாரதியாரின் சிருஷ்டி. அப்படிப்பட்ட வேதியர் கடைசியில் தம் பண்ணையாளின் காலில் விழுகிறாரே, அந்த இடத்தோடு திரையை இறக்கிவிடுவது என்று முடிவாயிற்று. எனக்கு அது சரியான முடிவு என்றே பட்டது.

நந்தன் வேஷம் ஓய்வு பெற்ற தபால் அதிகாரி ஒருவருக்கு. அறுபத்து நாலு வயது. ஊரில் எந்தக் கச்சேரி நடந்தாலும், நாடகம் நடந்தாலும் அவர் பாட்டு இல்லாமல் நடந்ததில்லை. ஹார்மோனியம் எங்கள் ஊர்த் தையற்காரர். இருவருக்கும் முப்பத்தைந்து வருஷத்துச் சிநேகம். ஒருவர் பாட்டில் மூச்சு விடும் இடம் மற்றவர் துருத்தியில் தெரியும் என்பார்கள்.

தகராறு சுருதியில் வந்தது. தபால்காரர் எப்போதும் இரண்டரைக் கட்டையில் பாடுகிறவர். மைக் இல்லாத காலத்து நாடகப் பாடகர்கள் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி இன்னும் உச்சத்தில் பாடினார்கள். அவர்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சுருதியை இறக்குவது என்றால் வீட்டை விற்பது போல. ஆனால் தொண்டை வயதை ஒளிக்காது. மேல் பஞ்சமத்தைத் தொடும்போதெல்லாம் குரல் உடைந்தது. மூன்றாம் நாள் தையற்காரர், "அண்ணே, அரைக் கட்டை இறக்கிக்குவமா?" என்று கேட்டுவிட்டார். மாணவர்கள் எதிரில் கேட்டதுதான் தப்பு. "இரண்டரை இல்லையென்றால் நான் இல்லை. வேறு நந்தனைப் பார்த்துக்கொள்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இவர் போய்விட்டார்.

மறுநாள் நாங்கள் நாலு பேர் போய் அழைத்து வந்தோம். வந்தார், பாடினார், தையற்காரரோடு மட்டும் பேசவில்லை. பத்து நாள் இருவரும் ஒரே ஜமக்காளத்தில், இரண்டு முழ தூரத்தில், பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். "ஆரம்பிக்கச் சொல்லுங்கள்" என்பார் ஒருவர் என்னைப் பார்த்து. "ஆரம்பித்தாயிற்று என்று சொல்லுங்கள்" என்பார் மற்றவர். கூடத்தில் சிரிப்பே இல்லாமல் போயிற்று. மருந்துக் கடைக்காரர் கொண்டு வரும் சுக்குக் காப்பி கூட ஆறிப்போய்க் கிடந்தது.

நாடகத்தன்று மாலை, வேஷம் போடும் அறையில் தபால்காரர் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்த சமயம், மேடைக்குப் பின்னால் நான் கண்ட காட்சி இது. மிருதங்கக்காரர் கல்லும் புள்ளுமாக வார்களைத் தட்டித் தட்டி மிருதங்கத்தைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். எதிரில் தையற்காரர் இரண்டாம் கட்டையை அழுத்திப் பிடித்திருந்தார். பின்பாட்டுப் பிள்ளைகள் மெள்ள அந்தச் சுருதியில் சேர்ந்து பார்த்தார்கள். வேதியர் வேஷக்காரரான பாங்கு குமாஸ்தாவுக்குத்தான் கஷ்டம். அவருக்கு ஏற்கனவே கீழ் ஸ்தாயி கேட்காது. "பரவாயில்லை, என் பாட்டு போனால் போகட்டும்" என்றார். ஹார்மோனியக்காரர் தனியாகச் சுருதியை இறக்கிவிட முடியாது. மிருதங்கம் சேர வேண்டும். கூடப் பாடுகிறவர்கள் எல்லாரும் சேர வேண்டும். ஒருவர் வாய் திறந்தாலும் காரியம் கெட்டது. பதினொரு பேர் வாய் திறக்கவில்லை. என்னைக் கண்ட தையற்காரர், "வாத்தியாரே, நீங்க வசனத்தை மட்டும் பாருங்க" என்றார்.

நந்தன் வேதியரிடம் சிதம்பரம் போக உத்தரவு கேட்டுக் கெஞ்சும் கட்டம். பஞ்சமம் வரும் இடம் நெருங்கியது. நோட்டுப் புத்தகம் என் கையில் ஈரமாகிவிட்டது. குரல் போயிற்று, தொட்டது, நின்றது. உடையவில்லை. மூன்றாம் வரிசையில் ஒரு கிழவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தையற்காரர் தலையைத் தூக்கவில்லை, துருத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வேதியர் காலில் விழுந்தபோது குமாஸ்தா வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. வசனம் மறந்துவிட்டதோ என்று நான் எடுத்துக் கொடுத்தேன், மறக்கவில்லை.

வேஷம் கலைக்கும்போது தபால்காரர், "இன்றைக்குத் தொண்டை சொன்னபடி கேட்டது" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் மூலையில் சாத்தியிருந்த மிருதங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் புறப்பட்டுப் போய்விட்டார். நாற்பது வருஷம் பாடிய மனிதருக்குச் சுருதி தெரியாதா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை, பிள்ளைகளின் உடுப்புக்குத் தையற்கூலி கணக்குப் பார்க்கக் கடையில் உட்கார்ந்திருந்தேன். தபால்காரர் படியேறி வந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய ஜிப்பா. பதினோரு நாளைக்குப் பிறகு முதல் வார்த்தை.

"ஏம்ப்பா, இது வர வர இறுக்குகிறது. அரை அங்குலம் பிரித்து விடு."

தையற்காரர் ஜிப்பாவை வாங்கி விரித்துப் பக்கத் தையலைப் பார்த்தார். "விட்டுட்டாப் போச்சு அண்ணே, உள்ளே துணி இருக்கு" என்றார். பிறகு கடைப் பையனைக் கூப்பிட்டு மூன்று காப்பி வாங்கி வரச் சொன்னார்.