சாரீரம் என்னும் சொல்

சென்ற மார்கழியில் ஒரு கச்சேரி முடிந்து சபா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, "பாட்டெல்லாம் ஒழுங்குதான், சாரீரம்தான் இன்றைக்கு ஒத்துழைக்கவில்லை" என்று ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது காதில் விழுந்தது. வித்வான் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீரை இரண்டு முறை ஊற்றிக் குடித்ததையும், தார ஸ்தாயி காந்தாரத்தைத் தொடப் போய்ப் பாதி வழியில் இறங்கிவிட்டதையும் நானும் கவனித்திருந்தேனாயினும், வீடு வரும் வரையில் என் மனத்தில் நின்றது அந்தச் சொல்லே. பத்திரிகை விமர்சனங்களில் அதன் இடத்தைக் 'குரல்வளம்' என்ற பொத்தாம்பொதுவான சொல் பிடித்துக்கொண்டு வருவது எனக்கு உவப்பாக இல்லை.

சரீரம் என்றால் உடல். அதன் முதலெழுத்து நீண்டு 'சாரீரம்' ஆகும்போது, உடலைச் சார்ந்தது, உடலோடு பிறந்தது என்ற பொருள் ஏற்படுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர்களின் ஆதரவில் வாழ்ந்த சார்ங்கதேவர், தமது 'சங்கீத ரத்னாகரம்' என்னும் நூலில் இதற்குச் சொல்லும் இலக்கணம் சிந்திக்கத்தக்கது. அப்பியாசம் இல்லாமலே ராகத்தின் ஸ்வரூபத்தை வெளிப்படுத்தவல்ல சக்தி ஒரு தொனிக்கு இருக்குமானால், அதுவே சாரீரம் என்றும், சரீரத்துடன் கூடவே உண்டாவதால் அதற்கு அப்பெயர் வந்தது என்றும் அவர் கூறுகிறார். இதில் இனிமையைப் பற்றிய பேச்சே இல்லை. இனிமையும், காம்பீர்யமும், மென்மையும், ஒலித்து முடிந்த பின்னும் தொடர்கின்ற ரீங்காரமும் நல்ல சாரீரத்தின் குணங்களாகப் பிறகுதான் வருகின்றன; இக்குணங்கள் அற்றதற்குக் 'குசாரீரம்' என்று தயக்கமின்றிப் பெயரிட்டிருக்கிறார். அத்துடன் நிற்காமல், நல்ல சாரீரம் வாய்ப்பதற்கு வித்யாதானம், தவம், சிவபக்தி, பெரும்பாக்கியம் ஆகியவற்றைக் காரணமாகச் சொல்லுகிறார். விடியற்காலையில் கழுத்தளவு தண்ணீரில் நின்று அகார சாதகம் செய்தவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்தால் சற்றே மனம் வருந்தக்கூடும்!

ஐரோப்பியர் இதே விஷயத்திற்கு வேறு வழியில் பெயர் தேடினார்கள். ஒரே ஸ்ருதியில் ஒலிக்கும் குழலையும் பிடிலையும் நம் காது பிரித்தறிகிறதே, அந்தத் தன்மைக்குப் பிரெஞ்சுக்காரர் வழங்கும் 'டாம்ப்ர்' என்ற சொல், கிரேக்க மொழியில் தோற்பறையைக் குறித்த 'டிம்பனான்' என்பதன் வழிவந்தது; தபால் தலைக்கும் அவர்களிடம் அதே சொல்தான். ஜெர்மானியரோ ஒலியின் நிறம் என்று சொல்லிவிட்டார்கள். பறையிலிருந்தும் சாயத்திலிருந்தும் அவர்கள் எடுத்ததை நம்முடைய சாஸ்திரக்காரர் மனித உடலிலிருந்து எடுத்தார் என்பதில் எனக்கு ஒரு தனித் திருப்தி உண்டு.

ஆனால் சார்ங்கதேவரின் இலக்கணத்தை அப்படியே ஒப்புக்கொள்ள நம்முடைய சங்கீத சரித்திரம் இடம் தரவில்லை. எஸ். ஜி. கிட்டப்பாவுக்கு அது முழுக்கப் பொருந்தும். ஒலிபெருக்கி வராத காலத்து நாடகக் கொட்டகையில் உச்ச ஸ்ருதியில் பாடிய அந்தச் சாரீரம் உடலோடு பிறந்ததுதான். செம்மங்குடி ஸ்ரீநிவாஸய்யருக்கு வாய்த்ததோ கரடுமுரடான, எளிதில் வசப்படாத தொண்டை. இடைவிடாத சாதகத்தினால் அதைப் பழக்கி, அதன் முரட்டுத்தனத்தையே தமது பாணிக்கு வலுவாக்கிக்கொண்டு, 1947-இல் தமது 39-ஆவது வயதில் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற அவரைக் கேட்ட எவரும், அந்தத் தொனியில் ராகத்தின் ஸ்வரூபம் வெளிப்படவில்லை என்று சொல்லத் துணியார். 'குரல்வளம்' என்னும் அளவுகோலால் அளந்தால் அவர் தோற்றுப்போவார். ராகத்தை வெளிப்படுத்தும் சக்தி என்ற பழைய பொருளில் அளந்தால், அப்பியாசத்தைப் பற்றிய நிபந்தனை ஒன்றைத் தள்ளிவிட்டு, அவருடையதும் உத்தமமான சாரீரமே ஆகும்.

ஆகவே, விமர்சனம் எழுதும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். 'நல்ல குரல்வளம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாமல், அந்தச் சாரீரம் மந்தரத்தில் எப்படி நின்றது, தாரத்தில் எங்கே மெலிந்தது, எந்த ராகத்துக்கு இசைந்து கொடுத்தது என்பதை இரண்டு வரியாவது எழுதுங்கள்.